புசூக்கியின் முதுகில் கீற்று கூடினால் ஒலி கூடுமா?

ஏதென்ஸ் கடை ஒன்றில், கிரேக்கர்களின் நீண்ட தண்டிக் கம்பிக் கருவியான புசூக்கி இரண்டைப் பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். முதுகில் 21 மரக்கீற்றுகள் ஒட்டியதற்கு ஒரு விலை, 41 கீற்றுகள் ஒட்டியதற்கு ஏறக்குறைய இரு மடங்கு. கீற்று கூடக்கூட ஒலி நன்றாகுமா, நம் ஏகாண்ட வீணையைப்போல ஒரே மரத்தைக் குடைந்து செய்தால் இதைவிட மேலாக இருக்காதா, சென்னைக்குக் கொண்டுவந்தால் தாங்குமா என்று கேட்கிறீர்கள். கொடுக்கும் பணத்தில் எவ்வளவு காதுக்குப் போகிறது, எவ்வளவு கண்ணுக்குப் போகிறது என்பதுதான் இதற்குள் இருக்கும் கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன். வாங்குகிறவர்கள் கேட்டாக வேண்டிய கேள்வி அது.

நான் ஏதென்ஸின் துறைமுக நகரமான பிரேயஸ் பக்கம் ஒரு பட்டறையில் பல ஆண்டுகள் உதவியாளாக இருந்து தொழில் கற்றவன். இப்போது கம்பிக் கருவிகளைப் பழுது பார்ப்பதே வேலை. புசூக்கி, அதன் சின்னத் தம்பியான பக்லமாஸ், லூட் வகையைச் சேர்ந்த பெரிய லவுதோ இவற்றைப் பற்றிக் கைப்பழக்கத்தில் சொல்ல முடியும். கிரீட் தீவின் வில் கருவியான லீராவைப் பிரித்துச் சரிசெய்திருக்கிறேன், முதலிலிருந்து செதுக்கியதில்லை. ஆகவே லீரா பற்றி நான் சொல்வதை ஒரு படி குறைத்தே எடுத்துக்கொள்ளுங்கள். உறுப்புகளின் பெயர்களுக்கு வீணைக்காரர்களின் சொற்களையே எடுத்துக்கொள்கிறேன். உருண்டையான உடல் குடம், கழுத்து தண்டி, சுரத்துக்காகக் கம்பியை அழுத்தும் இடத்தில் உள்ள குறுக்குக் கம்பி மெட்டு, கம்பியைப் பலகைமேல் தாங்குவது குதிரை, தண்டியின் தலைப்பில் கம்பியைத் தாங்குவது மேரு, சுருதி கூட்டத் திருகுவது பிரடை.

முதல் கேள்விக்கு நேரான பதில், கீற்று கூடுவதால் ஒலி நன்றாகாது. 21 கீற்றுகளே குடத்தை உருண்டையாக்கப் போதும். இதைக் கணக்காகவே பார்த்துவிடலாம். குடத்தின் அகலம் 30 சென்டிமீட்டர், குறுக்குவெட்டு அரைவட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அரைவட்டத்தின் வளைவு நீளம் சுமார் 47 சென்டிமீட்டர். அதை 21 ஆகப் பிரித்தால் ஒவ்வொரு கீற்றும் நடுவில் 22 மில்லிமீட்டர் அகலம், 41 ஆகப் பிரித்தால் 11.5 மில்லிமீட்டர். கீற்றுகள் தட்டையாக இருப்பதால் இரண்டு கீற்று சேருமிடத்தில் ஒரு முனை எழும். 21 கீற்றில் அந்த முனை உண்மையான வட்டத்துக்கு மேலே 0.4 மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கும், 41 கீற்றில் 0.1 மில்லிமீட்டர். கீற்றின் கனமோ 3 மில்லிமீட்டரை ஒட்டியது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததும் அந்த 0.4 மில்லிமீட்டர் போய்விடுகிறது, குடத்தின் பலம் குறைவதில்லை. இதற்கு மேல் கீற்றைக் கூட்டினால் வடிவமும் மாறாது, உள்ளே அடைபடும் காற்றின் அளவும் மாறாது.

மாறுவது உழைப்பு. அந்த உழைப்பை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஒவ்வொரு கீற்றும் நடுவில் அகன்று இரு முனையிலும் ஊசியாகக் குறுகும். அதைக் கொஞ்சம் ஈரப்படுத்திச் சூடான இரும்புக் குழாயின் மேல் அழுத்தி வளைக்க வேண்டும். சூடு குறைந்தால் வளையாது, கூடினால் கருகும், அவசரப்பட்டால் இழை பிளக்கும். வளைந்த கீற்றின் இரு விளிம்பையும் கவிழ்த்து வைத்த இழைப்புளியில் ஓட்டிச் சாய்வு கொடுக்க வேண்டும். 21 கீற்றுக் குடத்தில் அந்தச் சாய்வு நான்கு பாகைக்குச் சற்று மேல், 41 கீற்றில் இரண்டு பாகைக்குச் சற்று மேல். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் இரண்டு கீற்றுக்கும் நடுவே ஒளி கசியக் கூடாது. பிறகு அச்சின் மேல் நடுக்கீற்றை முதலில் வைத்து, அதன் இருபுறமும் ஒன்றொன்றாக ஒட்டிக்கொண்டே போவார்கள். எண்ணிக்கை பெரும்பாலும் ஒற்றைப்படையாக வருவதற்கு அந்த நடுக்கீற்றுதான் காரணம். பல பட்டறைகளில் இரண்டு கீற்றுக்கு நடுவே வேறு நிற மரத்தில் நூல்போல ஒரு மெல்லிய இழையும் வைப்பதுண்டு. 41 கீற்று என்றால் 40 இணைப்பு, இழை வைத்தால் அதுவும் இரட்டிப்பு. ஒரு இணைப்பு பிசகினால் அடுத்தடுத்த கீற்றெல்லாம் சாய்ந்துகொண்டே போய்க் கடைசிக் கீற்று உட்காராது. நீங்கள் பார்த்த விலை வித்தியாசம் இந்தக் கைவேலைக்கானது, அதில் ஏமாற்று இல்லை. ஆனால் அந்தப் பணம் கண்ணுக்கானது.

காதுக்கானது மேற்பலகை. கிரேக்கர்கள் அதைக் கபாகி என்பார்கள். கம்பி அதிர, குதிரை வழியாக அந்த அதிர்வு பலகைக்கு இறங்குகிறது, பலகைதான் காற்றை அசைக்கிறது. உருண்டையாய் விறைத்து நிற்கும் குடம் அதோடு ஒப்பிட்டால் மிகக் கொஞ்சமே அசையும். காற்றை அடைத்து வைத்துக் கீழ்ச்சுரங்களுக்கு உடல் கொடுப்பதுதான் அதன் பெரிய வேலை. அதனால் குடத்தின் ஆழம் ஒலியை மாற்றும், கீற்றின் எண்ணிக்கை மாற்றாது. ஸ்பெயினின் கிட்டார் செய்யும் கைவினைஞர் அந்தோனியோ தெ தோரெஸ் 1862ல் ஒரு கிட்டார் செய்தார். அதன் முதுகும் பக்கங்களும் காகித அட்டை, மேற்பலகை மட்டும் நல்ல மரம். ஒலி எங்கே பிறக்கிறது என்று காட்டுவதற்காகவே செய்தது அது. பார்சிலோனாவின் இசை அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது.

புசூக்கியின் மேற்பலகைக்குப் பெரும்பாலும் ஸ்ப்ரூஸ் மரம், சிலர் சிடார். குளிர்நாட்டு மலைகளில் மெதுவாக வளர்ந்து, நெருக்கமான வளையங்களோடு இருக்கும் மரத்தை ஆரவாட்டில், அதாவது நடுவிலிருந்து பட்டையை நோக்கி அறுத்து, இரண்டு துண்டைப் புத்தகம் விரித்தாற்போல ஒட்டுவார்கள். கனம் இரண்டரை முதல் மூன்று மில்லிமீட்டருக்குள் வரும். பலகையின் விறைப்பு கனத்தின் மும்மடியாக மாறுகிறது. 3 மில்லிமீட்டர் பலகையை 2.7 ஆக இழைத்தால் கனத்தில் பத்தில் ஒரு பங்குதான் போகிறது, விறைப்பிலோ நான்கில் ஒரு பங்குக்கு மேல் போய்விடுகிறது. கைதேர்ந்தவர் பலகையை விரலால் தட்டி, இரு கையாலும் லேசாக முறுக்கிப் பார்த்து எங்கே நிறுத்த வேண்டும் என்று முடிவெடுப்பது இதனால்தான். உள்ளே குறுக்குச் சட்டங்கள் ஒட்டப்படும். குதிரைக்கு முன்னும் பின்னும் அவை எங்கே வருகின்றன, எவ்வளவு உயரம் என்பதில் ஒவ்வொரு பட்டறைக்கும் ஒரு பிடிவாதம் உண்டு. ஒரு புசூக்கி அழுத்தமாகவும் கூர்மையாகவும் பேசுகிறதா, மங்கலாகப் பேசுகிறதா என்பதைப் பெரும்பாலும் இந்த மூன்று மில்லிமீட்டருக்குள்தான் தேட வேண்டும்.

இங்கே ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். ஒலித்துளைக்குப் பக்கத்தில், கம்பியை மீட்டும் பிக் என்ற சிறு தகடு உரசும் இடத்தில், மேற்பலகையில் பதித்திருக்கும் அலங்காரம் சில கருவிகளில் பாதிப் பலகையைத் தின்றுவிடுகிறது. முத்துச்சிப்பியும் செல்லுலாய்டும் கனமானவை, பலகையின் இழைக்குக் குறுக்கே உட்காருபவை. அளவாக இருந்தால் பலகை தேயாமல் காக்கும். அளவு மீறினால் பலகையை அமுக்கும். இரவு விடுதிகளில் புசூக்கியை ஒலிபெருக்கியோடு இணைத்து வாசிக்கத் தொடங்கிய பிறகு இந்த அலங்காரம் கொழித்தது. மின்சாரம் ஒலியைத் தூக்கிக்கொடுத்ததால் அமுங்கிய பலகையை யாரும் பெரிதாக எண்ணவில்லை. வீட்டில் ஒலிபெருக்கி இல்லாமல் வாசிக்க விரும்புகிறவர் அலங்காரம் குறைந்த பலகையைத் தேடுவது நல்லது.

இனி, உறுதியாகச் சொல்ல முடியாத பகுதி. குடத்துக்கு எந்த மரம்? அக்ரூட், மேப்பிள், முசுக்கொட்டை, செர்ரி, தோதகத்தி எல்லாமே பயன்படுகின்றன. தோதகத்தி என்பது நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரமேதான். அக்ரூட் இனிமை, மேப்பிள் கூர்மை, தோதகத்தி ஆழம் என்று எல்லாக் கடைகளிலும் சொல்வார்கள். எங்கள் பட்டறையிலும் சொல்வோம். ஆனால் 2018ல் பிரிட்டனின் லாங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதித்திருக்கிறார்கள். பின்பலகையும் பக்கங்களும் மட்டும் வெவ்வேறு மரம், மற்றதெல்லாம் முடிந்தவரை ஒன்றே என்று ஆறு கிட்டார்கள். 52 கிட்டார் வாசிப்பாளர்கள், எது எந்த மரம் என்று பார்க்க முடியாத நிலையில் வாசித்து மதிப்பிட்டார்கள். விலையுயர்ந்த மரத்துக்கும் மலிவான மரத்துக்கும் ஒலித் தரத்தில் சொல்லத்தக்க வேறுபாடு தெரியவில்லை. அது கிட்டார், இது புசூக்கி, அப்படியே எடுத்து ஒட்டிவிட முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் தட்டையான கிட்டார் முதுகிலேயே தெரியாத வேறுபாடு, விறைத்த உருண்டைக் குடத்தில் பெரிதாகத் தெரியும் என்று நம்ப எனக்குக் காரணம் கிடைக்கவில்லை. தோதகத்தியின் விலை அதன் நிறத்துக்கும் அரிதாகிப்போனதற்கும்தான். 2017ல் அந்தப் பேரின மரங்கள் முழுவதும் அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்துக்குள் வந்து, எல்லை தாண்டும் வாத்தியங்களுக்குக்கூடக் காகிதம் கேட்டார்கள். 2019ல் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு கொடுத்தார்கள். பிரேசில் தோதகத்திக்கு மட்டும் அந்த விலக்கு இல்லை. பழைய கருவி வாங்குகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கீற்றைவிட, மரத்தைவிட, நான் முதலில் பார்ப்பது தண்டி. புசூக்கியில் மேருவிலிருந்து குதிரைவரை கம்பியின் நீளம் சாதாரணமாக 67 அல்லது 68 சென்டிமீட்டர். உச்சத்து ரி கம்பி கால் மில்லிமீட்டர் எஃகு. அந்த நீளத்தில் அதைச் சுருதிக்கு ஏற்றினால் கிட்டத்தட்ட 6 கிலோ இழுக்கும். மூன்று சோடி உள்ள பழைய முறைக் கருவியில் ஆறு கம்பி, நான்கு சோடி உள்ளதில் எட்டு. மொத்தம் 35 முதல் 50 கிலோ இழுவை, இரவும் பகலும். தண்டியைப் பெரும்பாலும் லிண்டன்போல எடை குறைந்த மரத்தில் செய்து, நடுவே கருங்காலிப் பட்டை வைத்து விறைப்பேற்றி, மேலே கருங்காலி விரற்பலகை ஒட்டுவார்கள். கம்பிகள் குதிரையில் கட்டப்படுவதில்லை. குதிரையைத் தாண்டிப் போய்க் குடத்தின் அடியில் உலோகத் தகட்டில் மாட்டப்படுகின்றன. ஆகவே குதிரை பலகையைக் கீழ்நோக்கி மட்டும் அழுத்துகிறது. கம்பி குதிரையின் மேல் 12 பாகை மடங்கினால் 45 கிலோ இழுவைக்கு 9 கிலோவுக்கு மேல் பலகையில் இறங்கும். தண்டியின் சாய்வு இந்த மடக்கை முடிவு செய்கிறது. சாய்வு குறைந்தால் ஒலி மெலியும், கூடினால் பலகை சில ஆண்டுகளில் குழிந்துவிடும். தண்டியையும் குடத்தையும் சேர்க்கும் அந்த ஒரு கோணத்தில் தவறு நடந்தால் 41 கீற்றோ 61 கீற்றோ காப்பாற்றாது.

மெட்டுகளின் இடமும் அப்படித்தான். மிச்சமிருக்கும் கம்பி நீளத்தை 17.817 ஆல் வகுத்தால் அடுத்த மெட்டுக்கான தூரம் கிடைக்கும், அப்படியே வகுத்துக்கொண்டே போக வேண்டும். 67 சென்டிமீட்டருக்கு முதல் மெட்டு 37.6 மில்லிமீட்டரில் வரும், பன்னிரண்டாவது சரி பாதியில் வரும். ஐரோப்பாவின் பழைய கைவினைஞர்கள் எளிமைக்காக 18 ஆல் வகுத்தார்கள். அப்படிச் செய்தால் பன்னிரண்டாவது மெட்டு பாதிக்கு 2.4 மில்லிமீட்டர் முன்னாலேயே வந்துவிடும். லவுதோவில் இந்தச் சிக்கலே வேறுமாதிரி. அதன் தண்டியில் மெட்டுகள் இன்றும் நரம்புபோலச் சுற்றிக் கட்டப்படுபவை, இப்போது நைலானில். வாசிப்பவர் அவற்றை நகர்த்திக்கொள்ளலாம். அந்த நாட்டுப்புற இசையின் இடைச்சுரங்களுக்கு இது வசதி. புசூக்கியின் மூதாதையான தம்பூராஸிலும் மெட்டுகள் அப்படிக் கட்டப்பட்டவையே.

ஒரே மரத்தில் குடைவது மேலா என்ற இரண்டாம் கேள்விக்கு அந்தத் தம்பூராஸ் வழியாகப் போவதுதான் சரி. மூன்று கம்பியும் நீண்ட தண்டியும் கொண்ட கருவி கிரேக்க மண்ணில் மிகப் பழையது. கி.மு. 4ஆம் நூற்றாண்டின் மாந்தினியா சலவைக்கல் புடைப்பில் ஒரு கலைத்தேவதை பந்தூரா வாசிக்கிறாள், ஏதென்ஸின் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். 1821 விடுதலைப் போரின் தளபதி மக்ரியானிஸ் வாசித்த தம்பூராஸ் அங்கேயே தேசிய வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. குடைந்த குடங்களும் கீற்றுக் குடங்களும் அந்தக் காலத்தில் பக்கம் பக்கமாகவே வாழ்ந்தன. பிறகு இத்தாலிய மாண்டலினின் செல்வாக்கில் உலோக மெட்டும் பல்சக்கரப் பிரடையும் வந்து சேர, இன்று நாம் அறிந்த புசூக்கி உருவானது. 1930களில் பிரேயஸில் மார்கோஸ் வம்வகாரிஸ், யோர்கோஸ் பாட்டிஸ் போன்றவர்கள் ரெபெட்டிகோ என்ற நகர்ப்புறப் பாடல்களைப் பாடியது மூன்று சோடிக் கருவியில். 1950களில் மனோலிஸ் ஹியோத்திஸ் நான்காம் சோடியைப் பரப்பினார்.

குடைந்த புசூக்கியை இன்றும் சிலர் செய்கிறார்கள். ஆனால் பெரிய குடத்துக்குப் பெரிய மரக்கட்டை வேண்டும். அது உள்வரை உலர ஆண்டுக்கணக்கில் ஆகும், உலரும்போதே வெடிக்கவும் கூடும். குடைந்த கிண்ணத்தின் இரு முனைகளில் மர இழை குறுக்காக வெட்டுப்படும். அங்கே கனத்தைக் குறைத்தால் பிளக்கும், குறைக்காவிட்டால் எடை கூடும். கீற்றிலோ இழை முனையிலிருந்து முனைவரை நீளவாட்டில் ஓடுகிறது, அதனால்தான் 3 மில்லிமீட்டரிலும் அது நிற்கிறது. வீணையின் பலாக்குடம் மடியிலும் தரையிலும் கிடந்து ஒலிப்பது, அதற்கு எடை ஒரு குறையாகாது. புசூக்கிக்காரர் மணிக்கணக்கில் அதைத் தொடைமேல் வைத்து வேகமாக வாசிக்கிறார். பக்லமாஸ் வேறு கதை. கம்பி நீளமே 35 சென்டிமீட்டரைச் சுற்றித்தான், உள்ளங்கை அளவுக் குடம். அங்கே குடைவதுதான் இயல்பு, எனக்கு மிகப் பிடித்த பக்லமாஸ்கள் ஒரே முசுக்கொட்டைத் துண்டில் குடைந்தவை. சிறைக்குள்கூட, கையில் கிடைத்த மரத்திலும் சுரைக்குடுக்கையிலும் இதைச் செய்திருக்கிறார்கள். சர்வாதிகாரி மெட்டாக்ஸாஸின் ஆட்சி ரெபெட்டிகோவை ஒடுக்கிய 1936க்குப் பிறகான ஆண்டுகளில் மேலங்கிக்குள் மறைக்க வசதியாக இருந்த கருவியும் இதுவே.

கிரீட்டின் லீராவும் ஒரே மரத்தில் செதுக்கப்படுவது. பேரிக்காய் வடிவம், வில்லால் வாசிப்பது, ஐந்தாம் சுர இடைவெளியில் மூன்று கம்பி. விரல்நுனியால் அழுத்தாமல் நகத்தின் பக்கத்தால் கம்பியைத் தொட்டுச் சுரம் எடுப்பார்கள். இன்று பரவலாக இருக்கும் வடிவத்துக்கு ரெதிம்னோவின் மனோலிஸ் ஸ்டகாகிஸ் பட்டறை பெரும் காரணம் என்று அத்தொழிலில் இருப்பவர்கள் ஒப்புக்கொள்கிறார்கள். மேற்பலகைக்கு இடிந்த பழைய வீடுகளின் உத்தரத்து மரத்தை விரும்பித் தேடுவார்கள், கத்ராணி என்று அதற்குப் பெயர். நூறாண்டுக்கு மேல் உலர்ந்த மரம் புதுமரத்தைப்போலச் சுருங்காது, கோணாது. அதே பழமையே ஒலிக்கும் தனிக் குணம் தருகிறது என்பதை லீராக் கலைஞர்கள் முழு மனதோடு நம்புகிறார்கள். நான் அதை நிரூபிக்கப்பட்டதாகச் சொல்ல மாட்டேன், மறுக்கும் அளவுக்கு அந்தத் தொழிலுக்குள்ளும் நான் இல்லை.

ஆகவே கடைக்கு மறுபடி போனால் கருவியைத் திருப்பி முதுகைப் பார்ப்பதற்கு முன் இவற்றைப் பாருங்கள். தண்டியைக் கண்ணுக்கு நேரே நீட்டிப் பிடித்து விளிம்பு வழியாகப் பார்த்தால் வளைவு தெரியும். வாசிக்க வசதியான மிக லேசான குழிவு சரி, முறுக்கு இருந்தால் வேண்டாம். பன்னிரண்டாம் மெட்டில் கம்பி இரண்டு மில்லிமீட்டரை ஒட்டிய உயரத்தில் நிற்க வேண்டும். அங்கே கம்பியை லேசாகத் தொட்டு எழுப்பும் சுரமும் அழுத்தி எழுப்பும் சுரமும் ஒன்றாக ஒலிக்க வேண்டும். ஒலிக்காவிட்டால் முதலில் குதிரையை நகர்த்திப் பார்க்கச் சொல்லுங்கள், அது ஒட்டாத குதிரை. எங்கே வைத்தும் சேரவில்லை என்றால் மெட்டின் இடத்திலோ மேருவிலோ கோளாறு. ஒலித்துளை வழியாகக் கைபேசி விளக்கை விட்டு உள்ளே பாருங்கள். கீற்று இணைப்புகளின் மேல் காகிதமோ துணியோ ஒழுங்காக ஒட்டியிருக்கிறதா, பசை வழிந்து கிடக்கிறதா என்பது செய்தவரின் மனதைச் சொல்லிவிடும். நான் என்றால் 21 கீற்றுக் கருவியில் தண்டியும் பலகையும் நன்றாக இருந்தால் அதையே எடுத்து, மிச்சப் பணத்தில் நல்ல கெட்டிப் பெட்டி வாங்குவேன்.

அந்தப் பெட்டி சென்னைக்கு அவசியம். கிரேக்கக் கோடையின் வறட்சியில் ஒட்டிய கருவி கடற்கரை நகரத்தின் ஈரத்துக்கு வந்ததும் மேற்பலகை ஈரத்தைக் குடித்து உப்பும், குதிரை உயரும், கம்பி விரலுக்குக் கடினமாகும். பட்டறையில் பலர் விலங்குத் தோலில் காய்ச்சிய வஜ்ஜிரப் பசையும், அரக்கில் செய்த பிரெஞ்ச் பாலிஷும் பயன்படுத்துகிறார்கள். பின்னாளில் பிரித்துப் பழுது பார்க்க இரண்டும் அருமையானவை, ஆனால் ஈரத்தையும் சூட்டையும் தாங்காதவை. மூடிய காரில் ஒரு மதியம் விட்டால் வஜ்ஜிரம் இளகித் தண்டி அசைந்துவிடும். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலமும் சிறிய ஈரமானியும் வைத்து, அளவை 45க்கும் 55 சதவீதத்துக்கும் நடுவே வைத்திருக்கப் பாருங்கள். முதல் இரண்டு மாதம் கம்பியை அரைச்சுரம் இறக்கியே வாசியுங்கள். அதன் பிறகும் உயரம் கூடினால் பலகையைத் தொட வேண்டாம், கொஞ்சம் தாழ்வான இன்னொரு குதிரையை வாங்கும்போதே செய்து வாங்கி வந்துவிடுங்கள்.